பட்டாம்பூச்சிக்குப் பெயர் சொல்லும் செயலி: மூன்று வருட அனுபவம்

படத்தைப் போட்டால் பெயர் சொல்லும் செயலி ஒன்றை மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பொங்கல் லீவில் கைபேசியில் இறக்கினேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். இந்த ரகத்தில் நாலைந்து இருக்கின்றன. மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் எல்லாவற்றுக்கும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான். கடலூரில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டாம்பூச்சி பார்க்கக் கிளம்புகிறவனுக்கு இது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதல் ஆறு மாதம் அதிசயமாகத்தான் இருந்தது. எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியைக் காட்டினால் நொடியில் சொல்லிவிடும். கொஞ்சம் ஆடிப்போன படமாக இருந்தாலும் சொல்லும். ஒன்றைப் போல இன்னொன்று இல்லாதவரைக்கும் செயலி கெட்டிக்காரன்தான். சிக்கல், ஒன்றைப் போல இன்னொன்று வேஷம் போட்டுக்கொண்டு வரும்போது.

நான் முதலில் கவிழ்ந்தது வெந்தய வரியனில், அதாவது ப்ளெயின் டைகரில். எருக்கு இருக்கிற இடமெல்லாம் அது இருக்கும். மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை போவதற்குள் பத்து பார்த்துவிடலாம். ஒரு வருடத்தில் பதினெட்டுப் படம் சேர்ந்திருந்தது. பதினெட்டுக்கும் செயலி சொன்ன பெயர் ப்ளெயின் டைகர், நானும் அப்படியே குறித்து வைத்திருந்தேன்.

ஐப்பசியில் ஒருநாள், மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்த காலை. எங்கள் மாடிப்படிக்குக் கீழே உள்ள துண்டு மண்ணில் பருப்புக்கீரை தானாக முளைத்துப் படர்ந்திருந்தது. அதன்மேல் ஒரு வெந்தய வரியன் தாழப் பறந்து பறந்து உட்கார்ந்தது. வாலை வளைத்து இலையைத் தொட்டது, மறுபடி எழுந்தது, பக்கத்து இலைக்குப் போனது. முட்டை வைக்கிறது என்று புரிந்தது. ஆனால் எருக்கை விட்டுவிட்டு இதற்குக் கீரையில் என்ன வேலை? படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆறாவது படிக்கிற மகள் தோளுக்கு மேலே எட்டிப்பார்த்துச் சொன்னாள்: "அப்பா, இதுக்கு ஒரு பொட்டுதான் இருக்கு. எருக்குல வர்றதுக்கு மூணு நாலு இருக்குமே."

அவள் சொன்னது சரி. ப்ளெயின் டைகரின் பின்னிறக்கை நடுவில் பெண்ணுக்கு மூன்று, ஆணுக்கு நான்கு கரும்புள்ளிகள். கீரைக்கு வந்ததற்குப் பின்னிறக்கையின் முன்விளிம்பில் ஒரே ஒரு புள்ளி. அது டனாய்டு எக்ஃப்ளை என்ற வேறு இனத்தின் பெண். எருக்கம்பாலின் நஞ்சைப் புழுப் பருவத்திலேயே உடம்பில் சேர்த்துக்கொள்வதால் வெந்தய வரியனைப் பறவைகள் தின்னாமல் ஒதுக்கும். கீரை தின்று வளர்ந்த எக்ஃப்ளைக்கு அந்த நஞ்சு கிடையாது, அந்தச் சட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு பிழைக்கிறது. இதன் ஆணைப் பார்த்தால் ஜோடி என்றே சொல்ல மாட்டீர்கள்: கறுப்பு இறக்கை, அதில் வெள்ளை வட்டங்கள், அவற்றைச் சுற்றி ஊதா மினுக்கம்.

அன்றைக்கே பழைய பதினெட்டையும் எடுத்துப் பார்த்தேன். மூன்று எக்ஃப்ளை. நான்கு படத்தில் பின்னிறக்கை மறைந்திருந்ததால் இரண்டில் எது என்று இன்றுவரை தெரியாது. கீரைப் படத்தைச் செயலியிலும் போட்டேன். முதல் வரியில் வழக்கம்போல் ப்ளெயின் டைகர். மூன்றாவது வரியில் எக்ஃப்ளை இருந்தது! முதல் வரிக்குக் கீழே நான் ஒரு வருடமாக விரலை நகர்த்தவே இல்லை.

அதற்குப் பிறகு செயலியைப் பயன்படுத்தும் விதமே மாறிவிட்டது. அது தருவதை விடையாக எடுத்துக்கொள்வதில்லை, சந்தேகப் பட்டியலாகத்தான் வைத்துக்கொள்கிறேன். பட்டியலில் உள்ள இரண்டையும் வேறுபடுத்துவது எந்த இடம், அந்த இடம் என் படத்தில் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியாவிட்டால் செயலி எத்தனை உறுதியாகச் சொன்னாலும் அது வெறும் குத்துமதிப்பு.

இதற்குச் சரியான உதாரணம் காமன் மார்மன் என்ற பட்டாம்பூச்சி. இதன் பெண் மூன்று வேஷத்தில் வரும். ஒன்று ஆணைப் போலவே இருக்கும். இன்னொன்று காமன் ரோஸ் என்ற வேறு இனம் மாதிரி. மூன்றாவது கிரிம்சன் ரோஸ் என்ற இன்னோர் இனம் மாதிரி. மூன்றும் ஒரே இனத்தின் பெண்கள்தான் என்று ஆங்கிலேய இயற்கையியலாளர் வாலஸ் 1865-லேயே எழுதிவிட்டார். இந்த வேஷத்தைத் தீர்மானிப்பது டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு என்று 2014-ல் ஆய்வாளர் கிருஷ்ணமேக் குண்டே முதலானோர் கண்டுபிடித்தார்கள். திருவந்திபுரம் மலைப்பக்கம் இட்லிப்பூச் செடியில் எடுத்த ஒரு படத்தைச் செயலி கிரிம்சன் ரோஸ் என்று அடித்துச் சொன்னது. இறக்கையில் அந்த வெள்ளைப் பட்டை, சிவப்புப் பொட்டு எல்லாம் அச்சு அசலாக இருந்தன. ஆனால் இங்கே பார்க்க வேண்டியது உடம்பை. ரோஸ்களுக்கு உடம்பு சிவப்பு, மார்மனுக்குக் கறுப்பு. என் படத்தில் உடம்பு பூங்கொத்துக்குள் மூழ்கியிருந்தது. அழகாக விரிந்த இறக்கையை எடுக்கிற ஆசையில் உடம்பை விட்டுவிடுவதுதான் நம் எல்லாருக்கும் வழக்கம். இப்போது பக்கவாட்டில் ஒரு படம் கட்டாயம் எடுக்கிறேன், செடியையும் ஒன்று. ஆடுதீண்டாப்பாளையில் முட்டை வைத்தால் ரோஸ், கறிவேப்பிலையில் வைத்தால் மார்மன். அங்கே இறக்கையைப் பார்க்கவே தேவையில்லை. புழுவும் உணவுச்செடியும் தெரிந்துகொள்ள இந்தியப் பட்டாம்பூச்சிகளுக்கான 'ஐ ஃபௌண்ட் பட்டர்ஃப்ளைஸ்' தளத்தைப் பார்ப்பேன். அந்த விஷயத்தில் செயலியை விட அது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

கைபேசியின் இருப்பிட வசதியை (லொகேஷன்) அணைத்து வைத்துவிட்டுப் படம் போடாதீர்கள். ஒருமுறை அப்படிப் போட்டதில், கெடிலம் கரையில் எடுத்த ஸ்ட்ரைப்டு டைகரை அமெரிக்க மொனார்க் என்று சொல்லிவிட்டது. ஜாடை உண்டு, மறுக்கவில்லை. அதற்காகக் கடலூரிலா?

அப்புறம் மஞ்சள் பட்டாம்பூச்சிகள். கேப்பர் மலைச் செம்மண்ணில் மழைக்குப் பிறகு கூட்டமாக உட்கார்ந்திருக்கும் கிராஸ் யெல்லோக்கள். இவை உட்கார்ந்தால் இறக்கையை மூடிக்கொள்ளும், அதனால் அடிப்பக்கம்தான் கிடைக்கும். அதிர்ஷ்டவசமாக விடையும் அங்கேதான். முன்னிறக்கை அடிப்பக்கத்தின் உள்ளறையில் (இறக்கை நடுவே நரம்புகள் சூழ்ந்த கட்டத்தில்) இரண்டு குறி இருந்தால் காமன், மூன்று இருந்தால் த்ரீ ஸ்பாட். முன்னிறக்கை நுனி சதுரமாக வெட்டினாற்போல் இருந்து, கோடையில் பின்னிறக்கையில் துரு நிறக் கோடுகள் ஓடினால் ஸ்பாட்லெஸ். மழைக்கால உருவமும் கோடை உருவமும் வேறு வேறு என்பதால் செயலி இங்கே ரொம்பத் தடுமாறுகிறது. ஒரே பூச்சியின் படத்தை மூன்று விதமாக வெட்டிப் போட்டேன், இரண்டு பெயர் வந்தது.

விரல் நகம் அளவே உள்ள கிராஸ் புளூ என்ற நீலப் பட்டாம்பூச்சிகளுக்கும் இதே கதை. முன்னிறக்கை அடிப்பக்க உள்ளறையில் ஒரு புள்ளி இருந்தால் பேல் அல்லது டார்க், இல்லாவிட்டால் லெஸ்ஸர் அல்லது டைனி. அந்தப் புள்ளி விழ வேண்டுமானால் மண்ணில் குப்புறப் படுக்க வேண்டும். முட்டி பத்திரம்.

க்ரோ, அதாவது காக்கை என்று பெயர் வைத்த பட்டாம்பூச்சிகள் வேறு கதை. புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு. அந்த நிழலில் காமன் க்ரோவும் டபுள் பிராண்டட் க்ரோவும் கலந்து தொங்கும். ஆணின் முன்னிறக்கை மேல்பக்கத்தில் ஒரு சிறு கோடு இருந்தால் முன்னது, இரண்டு இருந்தால் பின்னது. நிழலில் இறக்கையை மூடிக்கொண்டு தொங்குகிறவற்றிடம் மேல்பக்கத்தை எப்படிக் கேட்பது? வெயில் ஏறி ஒன்று இறக்கையை விரிக்கும் வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கருவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் மாட்டுகிற கிளிப் லென்ஸ் வாங்காதீர்கள்; அதற்குத் தேவையான நெருக்கத்துக்குப் போவதற்குள் பூச்சி பறந்துவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய சூம் கேமராதான் எனக்கு இன்றுவரை உழைக்கிறது. நம்மூர்க் கடல்காற்று ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்து ஒருமுறை சர்வீஸுக்குக் கொடுத்தேன். இப்போது மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன்.

ஸ்விஃப்ட் என்கிற பழுப்புத் தாவிகளில் செயலி என்ன சொன்னாலும் நான் காதில் வாங்குவதில்லை. அவற்றில் சில இனங்களைப் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் நிபுணர்களே பிரிக்கிறார்கள். என்னிடம் இருக்கிற நாற்பது படமும் 'ஏதோ ஒரு ஸ்விஃப்ட்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டரில் கிடக்கின்றன.

செயலியை எடுத்துவிடவில்லை, காசு கட்டவும் இல்லை, இலவசமே போதுமாக இருக்கிறது. இந்த ஐப்பசியிலும் படிக்கட்டுக்குக் கீழே பருப்புக்கீரை படர்ந்துவிட்டது. பறித்துக் கூட்டு வைக்கலாம் என்கிறார் என் அம்மா. இலை இலையாகத் திருப்பி, முட்டையோ புழுவோ இல்லை என்று மகள் தலையாட்டின பிறகுதான் ஒரு கொத்துக் கீரை அடுப்படிக்குப் போகிறது.