கிக்ஸ்டார்ட்டர் மேசையா, கடை மேசையா?

மோட்டாரில் ஏறி இறங்கும், நின்றும் வேலை செய்யக்கூடிய மேசையை எங்கே வாங்குவது? கிக்ஸ்டார்ட்டர் என்பது புதுப் பொருள் செய்யப் பலரிடம் முன்பணம் திரட்டும் இணையதளம். அங்கே பணம் போடுவது மேசை வாங்குவது ஆகாது. அதைச் செய்யப்போகிறவருக்கு முன்கூட்டியே கைகொடுப்பது. இலக்குத் தொகை சேராவிட்டால் உங்கள் கார்டில் பணம் பிடிக்கமாட்டார்கள். சேர்ந்த பிறகு மேசை வராமல் போனால், பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான், தளம் அல்ல.

பல வசதி மேசைக்கு வினையே அந்த வசதிகள்தான். சார்ஜர், விளக்கு, யூ.எஸ்.பி எல்லாம் பலகைக்குள் புதைந்திருந்தால், ஒன்று பழுதானாலும் பலகையையே கழற்ற வேண்டிவரும். மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டி 110 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததென்றால், நம் 230 வோல்ட்டில் செருகியதும் கருகிவிடும். கனமான இரும்புச் சட்டம் என்பதால் கப்பல் கூலியும் அதிகம், சுங்கவரி தனி.

கடை மேசையை முழு உயரத்துக்கு ஏற்றி, விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். படத்தில் தெரியாத தள்ளாட்டம் அங்கே தெரிந்துவிடும். நிற்கும்போது முழங்கை 90 டிகிரியில் மடங்கி, கை தட்டச்சுப் பலகையில் படிய வேண்டும்.

எங்கள் தேர்வு கடைதான்: இரட்டை மோட்டார் சட்டம் மட்டும் வாங்கி, 25 மி.மீ. பிளைவுட்டை நீங்களே பொருத்துங்கள். திருகு பலகைக்குள் 20 மி.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் மேற்பரப்பு புடைக்கும்.