பவளப்பாறைக்கு எந்த மாஸ்க்: முழுமுகமா, குழாய் தனியா?

மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் (ஸ்நோர்கெல்) மாட்டிப் பவளப்பாறைக்கு மேலே மிதப்பவருக்குக் கால் ஊன்ற இடமே கிடையாது. கீழே கல்லாகத் தெரிவது உயிருள்ள பவளம். உருண்டு திரண்டு வளரும் போரைட்டிஸ் வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 செ.மீ. தான் வளர்கின்றன. ஒருவர் மாஸ்க்கைச் சரிசெய்ய அரை நிமிடம் அதன்மேல் நின்றால் போதும், மேலிருக்கும் உயிருள்ள திசு சிதையலாம். அதனால் மாஸ்க் வாங்குமுன் பார்வைப் பரப்பை விடவும் வசதியை விடவும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: உள்ளே தண்ணீர் புகுந்தால், நிமிர்ந்து நிற்காமல், மிதந்தபடியே வெளியேற்ற முடியுமா?

2014-இல் டெக்கத்லான் என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனத்தின் ஈஸிபிரெத் வந்தபிறகு, முகம் முழுவதையும் மூடி, குழாயும் அதிலேயே சேர்ந்திருக்கும் முழுமுக மாஸ்க் பரவலானது. அதன் ஈர்ப்பு நியாயமானது. வாயில் எதையும் கடிக்க வேண்டாம், மூக்காலேயே மூச்சு விடலாம், கண்ணாடியில் ஆவி குறைவாகப் படியும். வாயில் ரப்பர் பட்டாலே குமட்டல் வருபவர்களுக்கு அது பெரிய உதவி.

சிக்கல் காற்று ஓடும் வழியில் இருக்கிறது. ஓய்வில் ஒரு மூச்சு சுமார் 500 மி.லி. அதில் 150 மி.லி. நுரையீரலின் உட்பகுதியைத் தொடாமலே திரும்பிவிடும். குழாயோ மாஸ்க்கோ சேரும்போது, காற்று பயன்படாமல் தங்கும் இந்த வீண் இடம் கூடுகிறது. சாதாரணக் குழாய்க்கான ஐரோப்பியத் தரமான இ.என். 1972, பெரியவர்களுக்கு 38 செ.மீ. நீளத்தையும் 230 மி.லி. கொள்ளளவையும் உச்சவரம்பாக வைத்திருப்பது இதற்காகத்தான். முழுமுக மாஸ்க்கில் புதுக்காற்று கண்பகுதி வழியாக வந்து, விட்ட மூச்சு ஓரக் குழல்கள் வழியாக வெளியேற வேண்டும். நடுவே மூக்கையும் வாயையும் சுற்றியுள்ள சிலிக்கோன் கிண்ணம் முகத்தோடு ஒட்டியிருந்தால்தான் இது நடக்கும். அளவு தவறினாலோ தாடி இருந்தாலோ விட்ட மூச்சு கண்பகுதிக்குள் கசிந்து, அதையே மறுபடி இழுப்பீர்கள். தலைவலி, மூச்சுத் திணறல், கிறுகிறுப்பு ஆகியவை கரியமில வாயு சேர்வதன் அடையாளங்கள். நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி மூச்சு வேகமானால் இன்னும் மோசம்.

இரண்டாவது, அவசரத்தில் கழற்றுவது. தனிக் குழாய் என்றால் துப்பிவிட்டுத் தலையைத் தூக்கினால் போதும். முழுமுகத்தில் தாடைக்கு அடியில் கட்டைவிரலை நுழைத்து மேலே இழுக்க வேண்டும். பழகாதவர் பதற்றத்தில் பின்பக்கப் பட்டையைத் தேடுவார். அந்த நேரத்தில் உடல் செங்குத்தாகும், கால் பவளத்தில் இறங்கும். மூழ்கிப் பார்ப்பதற்கும் இது உதவாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடிக் காது அடைக்கத் தொடங்கும், அடைப்பை நீக்க மூக்கைப் பிடித்து ஊத வேண்டும், பெரும்பாலான மாடல்களில் மூக்கைப் பிடிக்கவே வழியில்லை.

தனிக் குழாய் மாஸ்க்கின் பலவீனம் அது பயிற்சி கேட்பது. பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை விட்டாலும் விழாமல் நின்றால் அளவு சரி. மீசை வழியே கசிந்தால் மூக்கின் கீழுள்ள மீசை ஓரத்தை ஒட்டக் கத்தரியுங்கள், அல்லது சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள். பட்டையை இறுக்குவது விளிம்பைக் கோணலாக்கிக் கசிவைக் கூட்டும். புதுக் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும், பற்பசையால் தேய்த்துக் கழுவாவிட்டால் எதைப் பூசினாலும் ஆவி படியும். முழுமுக மாஸ்க்கில் இதைச் செய்யாதீர்கள், அதன் முகப்பு பிளாஸ்டிக், கீறிவிடும்.

தண்ணீர் புகுந்தால் முகத்தைச் சற்றே நிமிர்த்தி, மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மூக்கால் நீளமாக ஊதுங்கள். கீழ் விளிம்பு வழியாக வெளியேறிவிடும், கால் கீழே போகாது. குழாய்க்குள் புகுந்ததை வாயால் ஒரே வீச்சில் ஊதித் தள்ளுங்கள். அடுத்த மூச்சை மெதுவாக, நாக்கை மேலே வைத்து இழுத்தால் மிச்சத் துளிகள் தொண்டைக்குப் போகாது. இரண்டையும் மணல் தரையில், மார்பளவு நீரில், தானாக வரும்வரை பழகிவிட்டுத்தான் பவளத்தின் பக்கம் போக வேண்டும்.

குழாயில், மேலே தெறிநீர்த் தடுப்பும் கீழே வெளியேற்று வால்வும் உள்ள அரை உலர் வகையே என் தேர்வு. முழு உலர் குழாயில், தண்ணீர் புகாமல் மேல்முனையை மூடும் மிதவை வால்வில் உப்போ மணலோ சேர்ந்தால் சிக்கிக்கொள்ளும், இழுக்கும்போது காற்றே வராது.

கண்ணாடி அணிபவர்களுக்கும் தனி மாஸ்க்தான் எளிது. பவர் லென்ஸ் பொருத்தும் மாடல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. முழுமுகத்துக்குள் தனிச் சட்டகம் வைக்க வேண்டும்.

எந்த மாஸ்க்கானாலும், நீருக்குள் பொருள்கள் கால் பங்கு அருகிலும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும், தொலைவுக் கணிப்பு தவறும். பின்னால் ஆடும் ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) கண்ணில் படவே படாது. ஆழம் ஒரு மீட்டருக்குக் குறைந்தால் திரும்பிவிடுங்கள். கையுறையும் வேண்டாம், அது இருந்தால் எதையாவது பிடிக்கத் தோன்றும். கரீபியன் தீவான பொனேரின் கடல் பூங்கா கையுறைக்குத் தடையே விதித்திருக்கிறது.

முழுமுகத்தைத்தான் எடுப்பேன் என்பவருக்கு: மூக்குத்தண்டின் மேலிருந்து தாடைவரை அளந்து வாங்குங்கள், தாடியை மழியுங்கள், அலையில்லாத நீரில் லைஃப் ஜாக்கெட்டோடு மெதுவாக மிதந்து செல்லுங்கள், கழற்றுவதைக் கரையிலேயே கண்மூடிப் பழகுங்கள். தலை லேசாக வலித்தாலும் உடனே கழற்றுங்கள். சிறுவர்களுக்கு இது வேண்டாம். அவர்களின் ஒரு மூச்சின் அளவே சிறியது, வீண் இடம் அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.