கருப்பு அடித்துவிட்டுப் போய்விடுவார்கள்: சீல்கோட் போடும் முன் வாளியை எண்ணுங்கள்

வீட்டு முன்னால் கார் ஏறி நிற்க 60 சதுர மீட்டர் தார் டிரைவ்வே. ‘விரிசல் அடைத்து, இரண்டு கோட் சீல்கோட்’ என்று வாய்ப்பேச்சிலேயே முடிந்த ஒப்பந்தம். சீல்கோட் என்பது தார்த்தளத்தைக் காக்க அதன் மேல் பூசும் மெல்லிய கருப்புப் பூச்சு. ஆட்கள் காலை ஒன்பதுக்கு வந்தார்கள், பதினொன்றுக்குள் கிளம்பிவிட்டார்கள். தரை கருகருவென்று பளபளத்தது. வீட்டுக்காரர் மனம் குளிர்ந்து முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டார். மூன்றாம் வாரம் பெய்த மழையில் வாசலிலிருந்து கருஞ்சாம்பல் நிறத்தில் தண்ணீர் ஓடியது. இரண்டு மாதத்தில் சக்கரத் தடங்கள் வெளுத்தன, விரிசல்கள் இருந்த இடத்திலேயே மறுபடி வாய் பிளந்தன, கார் நிற்கும் இடத்தில் பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்தது. போன் செய்தால் எடுக்க ஆளில்லை.

இதில் ஒவ்வொரு கோளாறும் அந்த இரண்டு மணி நேரத்திலேயே கண்ணெதிரே நடந்ததுதான். முதல் கோட் காய்ந்த பிறகே இரண்டாவது கோட் ஏறவேண்டும். நல்ல வெயிலிலும் அதற்குப் பொதுவாகச் சில மணி நேரம் ஆகும், நிழலில் இன்னும் கூடும். காலையில் வந்து மதியத்துக்குள் போனவர்கள் இரண்டு கோட் அடித்திருக்க வழியே இல்லை.

அடுத்தது அளவு. பூசத் தயாரான கலவை, கோட் ஒன்றுக்கு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் அரை லிட்டர் பிடிக்கும். ஜல்லி தெரியும் அளவுக்குத் தேய்ந்த தரை இன்னும் அதிகம் குடிக்கும். 60 சதுர மீட்டருக்கு ஒரு கோட்டுக்கு 30 லிட்டர், இரண்டு கோட்டுக்கு 60 லிட்டர். 20 லிட்டர் வாளியில் மூன்று, சொரசொரப்பான தரைக்கு நான்கு. அங்கே வண்டியிலிருந்து இறங்கியது ஒரே ஒரு வாளி. மீதி எல்லாம் வீட்டுக் குழாய்த் தண்ணீர்.

பாலில் தண்ணீர் கலந்தால் நாக்கு கண்டுபிடித்துவிடும். இதில் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் ஈரமாக இருக்கும் நாளில் எல்லாமே கருப்புதான். அடர்கலவையாக வரும் சரக்கில் தண்ணீர் சேர்ப்பது தப்பில்லை. பொதுவாக 20 முதல் 30 சதவீதம் வரை தயாரிப்பாளரே அனுமதிப்பார். வாளியின் லேபிளில் அது எழுதியிருக்கும். பூசத் தயாராக வரும் வாளியில் ஒரு சொட்டும் சேர்க்கக்கூடாது. அளவு மீறினால் காய்ந்தபின் தரையில் தங்கும் பிசின் படலம் மெலிந்துபோகும். கலவையில் உள்ள மணலைப் பிடித்து வைக்க அதற்கு வலு இருக்காது. டயர் உரச உரச மணல் உதிர்கிறது, கூடவே கருப்பும் போகிறது.

மணலையும் கேளுங்கள். அடர்கலவைக்கு லிட்டருக்குச் சுமார் 250 முதல் 450 கிராம் வரை நுண்ணிய சிலிக்கா மணல் சேர்ப்பது வழக்கம். சக்கரத்துக்கும் காலுக்கும் பிடிப்பு தருவது அதுதான், தேய்மானத்தை முதலில் வாங்கிக்கொள்வதும் அதுதான். இடைவிடாமல் கலக்கிக்கொண்டே இருக்காவிட்டால் மணல் அடியில் தங்கிவிடும். அப்போது தரையின் ஒரு பாதி வழுக்கும், மறுபாதி உப்புத்தாள் போல இருக்கும்.

பூச்சைவிட அதிகம் ஏமாற்றப்படுவது அதற்கு முந்தைய வேலை. பூசி மெழுகுவது என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. சீல்கோட் காய்ந்தபின் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட வராது. குளிரில் தார்த்தளம் சுருங்கும், வெயிலில் விரியும். அந்த இழுப்பை இவ்வளவு மெல்லிய தோல் தாங்காது. ஆகவே விரிசலுக்கு மேல் கருப்பை இழுத்துவிட்டுப் போனால் அது விரிசலை மறைக்கும், அடைக்காது. 3 மில்லிமீட்டருக்கு உட்பட்ட முடிக்கோடுகளை மட்டும் மணல் சேர்ந்த கலவையே நிரப்பிவிடும். அதற்கு மேல் 12 மில்லிமீட்டர் வரை ‘விரிசல் நிரப்பி’ என்ற தனிச் சரக்கை ஊற்ற வேண்டும். முதலில் புல்லை வேரோடு பிடுங்கி, மண்ணைச் சுரண்டி, காற்றடித்து, உள்ளே ஈரமில்லாமல் காயவிட வேண்டும். ஆழமான பிளவில் அடியில் மணல் இட்டு மேலே ஒரு விரற்கடை இடம் விடலாம். நீர் கலந்த நிரப்பி காயும்போது உள்வாங்கும், அதனால் மறுபடி ஒருமுறை ஊற்றி ஒரு நாள் விட்டுத்தான் சீல்கோட். இன்னும் அகலமான பிளவுக்கு 190 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சி ஊற்றும் ரப்பர் கலந்த சரக்குதான் தாங்கும். இத்தனையும் இரண்டு மணி நேரத்தில் அடங்குமா என்று நீங்களே கணக்குப் போடலாம்.

முதலைத்தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தால் கோளாறு மேல்தளத்தில் இல்லை. அடித்தளம் அமிழ்ந்துவிட்டது. அதை வெட்டி எடுத்து ஜல்லியை இறுக்கி மறுபடி தளம் போடத்தான் வேண்டும். ‘சீல்கோட் போட்டால் பலமாகிவிடும்’ என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். சீல்கோட் வெயிலையும் நீரையும் எண்ணெயையும் தடுக்கும், பாரம் தாங்காது.

எஞ்சின் எண்ணெய் சொட்டிய இடத்தில் பூச்சு ஒட்டாது. டிடர்ஜென்ட் போட்டுத் தேய்த்து அலசிக் காயவைத்து, எண்ணெய்க் கறைக்கென்றே உள்ள பிரைமரை அடித்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் அங்கே தாரே இளகிவிட்டது, வெட்டி ஒட்டுப்போடத்தான் வேண்டும்.

இதைவிட மோசமான இன்னொரு வகை உண்டு. ‘பக்கத்தில் ஒரு வேலை முடித்தோம், சரக்கு மிச்சம் இருக்கிறது, பாதி விலைக்கு அடித்துத் தருகிறோம்’ என்று கதவைத் தட்டுபவர்கள். இவர்களில் சிலர் தெளிப்பது சீல்கோட்டே அல்ல, டீசலில் கரைத்த பழைய எஞ்சின் எண்ணெய். வாரக்கணக்கில் காயாது. செருப்போடு வீட்டுக்குள் ஏறும், மழையில் சாக்கடைக்குப் போகும், எல்லாவற்றுக்கும் மேலாக அடியிலுள்ள தாரையே இளக்கிவிடும். கண்டுபிடிப்பது எளிது. ஒரு டம்ளர் தண்ணீரில் அவர்கள் கலவையைச் சிறிது விட்டுக் கலக்குங்கள். உண்மையான சீல்கோட் ஓர் எமல்ஷன், அதாவது தண்ணீரில் நுண்துளிகளாகக் கலந்த தார். அது தண்ணீரோடு சேர்ந்துவிடும், எண்ணெய் மேலே மிதக்கும். டீசல் வாடை அடித்தால் அந்தச் சோதனைகூட வேண்டாம்.

தமிழில் இரண்டு பொருளுக்கும் தார் என்ற ஒரே சொல்தான். அதில் மயங்கிவிடாதீர்கள். பெட்ரோலியத்திலிருந்து வரும் பிட்டுமென் எமல்ஷன் ஒன்று, நிலக்கரித் தார் எமல்ஷன் இன்னொன்று. நிலக்கரித் தார் பெட்ரோல் சிந்தினாலும் தாங்கும், உண்மைதான். ஆனால் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய பாலிசைக்ளிக் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள் அதில் மிக அதிகம். அதனால்தான் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரம் 2006இலும், வாஷிங்டன் மாநிலம் 2011இலும் அதைத் தடை செய்தன. வாளியில் எது என்று லேபிளைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

நேரம் காலமும் பார்க்க வேண்டும். காற்றும் தரையும் 10 டிகிரிக்கு மேல், அடுத்த 24 மணி நேரம் மழை கூடாது. கார் ஏற ஒரு நாள், குளிர்ச்சியான நாளானால் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். முதல் சில வாரம் வண்டி நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பினால் பூச்சு சுருண்டு வரும். அதற்கு ஒப்பந்தக்காரரைத் திட்டிப் பயனில்லை. புதிதாகப் போட்ட தளத்துக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சீல்கோட்டே வேண்டாம். தண்ணீர் தெளித்துப் பாருங்கள், முத்து முத்தாக நின்று எண்ணெய் வண்ணம் காட்டினால் இன்னும் காலம் ஆகவில்லை.

‘வருடா வருடம் அடிக்க வேண்டும்’ என்பதும் வியாபாரப் பேச்சுதான். இரண்டு முதல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை போதும். படலத்தின் மேல் படலம் ஏறினால் பூச்சே வெடித்துப் பாளம் பாளமாக உரியும். அந்த நிலையில் புதிதாக எதை அடித்தாலும் பழையதோடு சேர்ந்தே கழன்றுவரும்.

ஆகவே எழுத்தில் வாங்க வேண்டியவை: சரக்கின் பெயரும் வகையும், மொத்தம் எத்தனை லிட்டர், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மணல், எத்தனை கோட், எத்தனை மீட்டர் விரிசல் எந்த நிரப்பியால். பரப்பை நீங்களே டேப் பிடித்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை பாதியில் இருக்கும்போது ‘சதுர மீட்டர் கூடிவிட்டது’ என்று தொகையை ஏற்றுவதும் நடக்கிறது. வாளிகளை சீல் உடைக்கும் முன் லேபிளோடு படம் எடுங்கள், காலி வாளிகளை எண்ணுங்கள். பெரிய டாங்கியில் கலந்து கொண்டுவருபவர் என்றால் சரக்கு வாங்கிய ரசீதைக் கேளுங்கள். பணத்தில் ஒரு பங்கையாவது முதல் நல்ல மழை வரும்வரை கையில் வைத்திருக்க முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.