ஐந்து ஹாலோவீன்களும் ஒரு கோடிடும் பலகையும்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரில் குடியிருக்கும் நான், அக்டோபர் 31 அன்று பிள்ளைகள் வேடமிட்டு வீடுவீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீனுக்கான வாழ்த்து அட்டைகளையும் மிட்டாய்ப் பொட்டலங்களையும் கையால் செய்யத் தொடங்கியது 2020-இல். பெருந்தொற்றுக் காலமாதலால், கிண்ணத்தில் கைவிட்டு அள்ளவிடாமல், தனித்தனியாகக் கட்டிய பொட்டலங்களை வீட்டுக்கு வெளியே வரிசையாக வைக்கலாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த ஆண்டு யோசனை கூறியிருந்தது. கட்டாயத்தால் தொடங்கிய வேலை 2024 வரை தொடர்ந்துவிட்டதால், வாங்கிய பொருள்களில் எவை உழைத்தன, எவை அலமாரியில் தூங்குகின்றன என்று இப்போது துணிந்து சொல்ல முடிகிறது.

அதிகம் உழைத்தது ஸ்கோரிங் போர்டு எனப்படும் கோடிடும் பலகை. தடித்த தாளில் முதலில் பள்ளமாகக் கோடு அழுத்திவிட்டு மடித்தால்தான் மடிப்பு பிசிறின்றி அமையும். ஆனால் பலகை மட்டும் போதாது என்பது புரிய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. 8.5 × 11 அங்குலத் தாளை நீளவாக்கில் இரண்டாக வெட்டி 5.5 அங்குலத்தில் மடித்தாலும், குறுக்கே வெட்டி 4.25 அங்குலத்தில் மடித்தாலும் ஒரே அளவு அட்டைதான் கிடைக்கும். எனினும் இத்தாள்களில் நார் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால், இரண்டாவது முறையில் மடிப்பு நாரின் போக்கிலேயே விழுந்து வெடிக்காமல் நிற்கிறது.

தாள் வாங்குவதில் இரண்டு முறை ஏமாந்தேன். முதல் ஆண்டு வாங்கிய ஆரஞ்சுத் தாளின் உட்பகுதி வெள்ளை என்பதால், ஒவ்வொரு மடிப்பிலும் வெள்ளைக் கீறல் பல்லிளித்தது. அதன்பிறகு உள்ளும் புறமும் ஒரே நிறமுள்ள தாளையே தேடி வாங்குகிறேன். அடுத்த ஆண்டு 110 பவுண்டு என்ற எண்ணைப் பார்த்து மயங்கி வாங்கியது ‘இண்டெக்ஸ்’ வகைத் தாள். அதன் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 199 கிராம்தான், 80 பவுண்டு ‘கவர்’ தாளுக்கோ 216 கிராம். தாள் வகைக்கு வகை மாறும் பவுண்டுக் கணக்கை நம்பாமல் கிராம் கணக்கைப் பார்ப்பதே நல்லது. சிறு பெட்டிகளுக்கு 176 கிராம் தாள் போதும். அதைவிடத் தடித்தால் மூடியின் காதுகள் முரண்டு பிடிக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த வேலை, கறுப்பு அட்டையில் வெள்ளைச் சிலந்தி வலை பதிப்பது. சாயம் கரைந்த சாதாரண மை (டை இங்க்) கறுப்பில் தெரியவே தெரியாது. நிறமித் துகள் கலந்த, மெதுவாகக் காயும் பிக்மென்ட் மையால் முத்திரை குத்தி, ஈரம் காயுமுன், உருகிப் புடைத்து நிற்கும் வெள்ளை எம்பாசிங் பவுடரைத் தூவி, ஹீட் கன் எனப்படும் சூடுகாற்றுக் கருவியால் உருக்க வேண்டும். கறுப்புத் தாளில் தங்கும் ஒரு துகள்கூட உருகிப் புள்ளியாகிக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், முத்திரைக்கு முன் நிலைமின்னைத் தடுக்கும் தூள் பையால் தாளை ஒற்றி எடுப்பது கட்டாயம். ஹேர் டிரையரால் காசு மிச்சம்பிடிக்க நினைத்தேன். அது பவுடரை உருக்காமல் ஊதித் தள்ளியது.

இருப்பதிலேயே விலை உயர்ந்த மின்னணு வெட்டும் இயந்திரத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அதன் ஒட்டும் பாய் பசையிழக்க இழக்கத் தாள் நகர்ந்து வௌவாலின் சிறகு கிழிந்தது. இப்போது கத்தரிக்கோலே கதி. பெட்டிகளை ஒட்ட இரட்டைப் பக்க டேப் சிறந்தது, நீர்ப்பசையோ மெல்லிய தாளை நெளியவைத்துவிடுகிறது. மிட்டாய்ப் பைகளின் வாயை மூடும் தாள் பட்டையைச் சிறு குழந்தைகளை எண்ணி ஸ்டேப்லர் முள்ளால் குத்துவதில்லை.

அட்டைகளை அமெரிக்கத் தபாலில் அனுப்ப நினைப்போர், சதுர உறைகளுக்கும் விறைப்பான உறைகளுக்கும் கூடுதல் கட்டணம் உண்டு என்பதையும், தடிமன் கால் அங்குலத்தைத் தாண்டினால் அது கடிதக் கணக்கிலேயே வராது என்பதையும் முன்பே அறிந்திருப்பது நல்லது. நுரைத் துண்டுகளின் மேல் உயர்த்தி ஒட்டிய மண்டையோடுகளை நான் நேரில் மட்டுமே கொடுக்கிறேன்.

பொட்டலத்தில் ஆலை உறை பிரிக்காத மிட்டாயை மட்டுமே வைக்கிறேன். வீட்டில் செய்த பண்டத்தை, எவ்வளவு அழகாகக் கட்டினாலும், அறிமுகமில்லாத பெற்றோர் ஏற்கமாட்டார்கள். உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக, ஒவ்வாமை விழிப்புணர்வுக்கான ஃபேர் (FARE) அமைப்பு 2014-இல் நாடு முழுவதும் கொண்டுசென்ற ‘டீல் பம்ப்கின்’ (நீலப்பச்சைப் பூசணி) வழக்கத்தைப் பின்பற்றி, உணவுப் பண்டத்துக்குப் பதிலாக நீலப்பச்சைப் பெட்டிகள் சிலவற்றில் பென்சிலும் ஒட்டுப்படமும் வைப்பதுண்டு. 2024-இல் தீபாவளியும் அக்டோபர் 31 அன்றே வந்ததால், அதே அச்சில் வெட்டிய ஆரஞ்சுப் பெட்டிகள், வௌவால் ஒட்டாமல், முறுக்கும் மைசூர்பாகும் சுமந்து நண்பர்கள் வீடுகளுக்குச் சென்றன. மைசூர்பாகின் நெய் தாளில் ஊறிவிட்டதால், அடுத்த முறை உள்ளே மெழுகுத்தாள் விரிக்க வேண்டும்.