அடி கறுப்பா இருக்கற டிஸ்க்: பழைய பிளேஸ்டேஷன் ரிவ்யூ, கேம் பண்றவன் கணக்குல

ஜப்பான்ல வேலை பாக்கற சித்தப்பா பையன் போன மாசம் லீவுக்கு வந்தப்ப எனக்குன்னு ஒரு பழைய பிளேஸ்டேஷன் கொண்டு வந்து குடுத்தான். சோனி கம்பெனியோட முதல் பிளேஸ்டேஷன், டிவியில மாட்டி கேம் ஆடற சாம்பல் கலர் பெட்டி, எஸ்சிபிஎச்-7000 மாடல், கூடவே அங்க செகண்ட்ஹேண்ட் கடையில பொறுக்கி எடுத்த அஞ்சாறு ஒரிஜினல் டிஸ்க். நான் முதல்ல பண்ணது ஒரு டிஸ்க்கை எடுத்து திருப்பிப் பாத்ததுதான். அடி கன்னங்கரேல்னு இருக்கு, ட்யூப்லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் புடிச்சா மூஞ்சி தெரியுது. சின்ன வயசுல தெருமுனை கேம் கடையில மணிக்கணக்குக்கு காசு குடுத்து இதே பெட்டியில வருஷக்கணக்கா ஆடியிருக்கேன், ஆனா அங்க இருந்த டிஸ்க் எல்லாத்துக்கும் அடி வெள்ளியாவோ பச்சையாவோ இருக்கும், மேல மார்க்கர்ல பேர் எழுதியிருக்கும், ஒரிஜினல்னா அடி கறுப்புன்னே ரொம்ப நாள் வரைக்கும் எனக்குத் தெரியாது.

கிராபிக்ஸ் பத்தி, கன்ட்ரோலர் பத்தி எல்லாம் எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் இப்ப ஒரு சின்ன டீம்ல மொபைல் கேம் பண்ற வேலையில இருக்கேன், அதனால எனக்கு இந்தப் பெட்டியைப் பாத்தா ஒரே ஒரு கேள்விதான் வருது: இதுக்கு கேம் பண்ணி வித்தவங்களுக்கு எப்படி கட்டுபடியாச்சு? என்னைக் கேட்டா 1994 டிசம்பர் 3 அன்னைக்கு ஜப்பான்ல கடைக்கு வந்த இந்தப் பெட்டியில உள்ள ரொம்ப நல்ல விஷயம் சிப்பு இல்ல, இந்த டிஸ்க்தான். கேம் கம்பெனிக்காரன் தலையில இருந்த சரக்கு பயத்தை இறக்கி வெச்சது இதுதான்.

இதுக்கு முன்னாடி கதை எப்படின்னா, கேமை சிப்புல பதிச்சு பிளாஸ்டிக் டப்பாவுல அடைச்சு வித்த கார்ட்ரிட்ஜ் காலம். கேம் எழுதறது நீங்க, ஆனா கார்ட்ரிட்ஜ் அடிச்சுக் குடுக்கறது கேம் பெட்டி, அதாவது கன்சோல், பண்ற நின்டெண்டோ கம்பெனி. எத்தனை வேணும்னு முன்கூட்டியே சொல்லணும், காசையும் முன்கூட்டியே கட்டணும், சரக்கு வர்றதுக்கு மாசக்கணக்குல ஆகும். இப்ப கிறிஸ்துமஸ் சீசனுக்கு ஒரு கேம் விடறீங்கன்னு வெச்சுக்கோங்க, எவ்வளவு விக்கும்னு நல்ல வெயில் காலத்துலயே கணிச்சு ஆர்டர் போட்டாகணும். கம்மியா போட்டா நாலு நாள்ல தீந்துரும், மறுபடி ஆர்டர் போட்டு வர்றதுக்குள்ள சீசனே முடிஞ்சு கடைக்காரன் வேற கேமை ஷெல்ஃப்ல அடுக்கிடுவான். ஜாஸ்தியா போட்டா கோடவுன்ல தேங்கும், உள்ள இருக்கறது வெறும் பிளாஸ்டிக் இல்ல, காசு குடுத்து வாங்கின மெமரி சிப், முதலுக்கே மோசம். நம்ம ஊர்ல புக்கு போடறவங்களுக்கு இது சொல்லாமலே புரியும், ஆயிரம் காப்பி அடிச்சு முந்நூறு வித்து மிச்சத்தை பரண்ல கட்டி வெச்சிருக்கற வீடு எத்தனை பாத்திருக்கோம், அதுல ஒவ்வொரு காப்பியோட அடக்க விலையும் பத்து மடங்குன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

அது போக கண்டிஷன் வேற. அமெரிக்காவுல என்இஎஸ்ங்கற நின்டெண்டோ கன்சோல் காலத்துல ஒரு கம்பெனி வருஷத்துக்கு 5 கேம்தான் விடலாம், விட்ட கேமை 2 வருஷத்துக்கு வேற கன்சோலுக்குக் குடுக்கக் கூடாது. 5 பத்தாம கோனாமிங்கற கேம் கம்பெனி அல்ட்ரா கேம்ஸ்னு இன்னொரு பேர்ல கடை விரிச்சது அதனாலதான். பிற்பாடு இதெல்லாம் தளர்ந்துச்சு, ஆனா அந்த கசப்பு மட்டும் நிறைய கம்பெனிக்கு உள்ளுக்குள்ள அப்படியே இருந்துச்சு. நாம்கோங்கற கேம் கம்பெனிக்கு ஃபாமிகாம் (என்இஎஸ்ஸுக்கு ஜப்பான்ல பேர்) ஆரம்பத்துல சொந்தமா கார்ட்ரிட்ஜ் பண்ணிக்கற சலுகை இருந்துச்சு, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கற நேரத்துல அது கிடைக்கல. பிளேஸ்டேஷன் வந்த அன்னைக்கே அதோட ரிட்ஜ் ரேசர்ங்கற கார் ரேஸ் கேமைக் குடுத்தது யாருன்னு பாத்தீங்கன்னா நாம்கோதான்.

டிஸ்க்குக்கு வருவோம். சிடி பிரஸ் பண்றது பாட்டு சிடி பண்ற அதே மிஷின், அதே பாலிகார்பனேட், ஒரு டிஸ்க்குக்கு ஆகற செலவு கார்ட்ரிட்ஜ் செலவுக்குப் பக்கத்துல ஒண்ணுமே இல்ல. அதைவிட முக்கியம் வேகம், மாசக்கணக்கு இல்ல, நாள்கணக்கு வாரக்கணக்குதான். இங்க ஒரு விஷயம் நிறைய பேர் விட்டுடறாங்க, சோனி கம்ப்யூட்டர் என்டர்டெயின்மென்ட்ங்கற கம்பெனியை 1993ல ஆரம்பிச்சப்ப அதுல பாதி கை சோனி மியூசிக்கோடது. ஆல்பம் விக்கறவங்களுக்கு பழகின வழக்கம் என்ன, முதல்ல கொஞ்சமா போடு, ஓடுச்சுன்னா உடனே திருப்பி பிரஸ் பண்ணு. அதே வழக்கத்தை கேமுக்குக் கொண்டு வந்தாங்க, நடுவுல இருந்த மொத்த வியாபாரி அடுக்கையும் விட்டுட்டு நேரா கடைக்கே சப்ளை பண்ணாங்க. கம்மியா போட்டா சீசன் போச்சு, ஜாஸ்தியா போட்டா காசு போச்சுங்கற அந்த ரெண்டு பக்க அடியும் ஒரேயடியா லேசாயிருச்சு.

என் கையில இருக்கறதுலயே இதைக் காட்டலாம். தம்பி கொண்டு வந்ததுல ஃபைனல் ஃபேன்டஸி 7 இருக்கு, தடியான டப்பா, உள்ள 3 டிஸ்க். ஸ்கொயர் கம்பெனி 1994ல நின்டெண்டோ சூப்பர் ஃபாமிகாமுக்கு விட்ட 6ம் பாகம் 11,400 யென், ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ். 1997 ஜனவரியில பிளேஸ்டேஷனுக்கு விட்ட 7ம் பாகம் 6,800 யென், 3 டிஸ்க். வாங்கறவனுக்கு 4,600 யென் மிச்சம், உள்ள இருக்கற சரக்கோ பல மடங்கு. ஒரு டிஸ்க்கே சுமார் 650 எம்பி, அன்னைக்குப் போட்டியா இருந்த நின்டெண்டோ 64 கன்சோலோட கார்ட்ரிட்ஜ் அதிகபட்சமா போனதே 64 எம்பி வரைக்கும்தான். ஸ்கொயர் நின்டெண்டோவை விட்டு வந்ததுக்கு இதுக்கு மேல காரணம் தேடணுமா? டிராகன் குவெஸ்ட் 7ங்கற கேமும் இங்கதான்னு 1997 ஜனவரியில எனிக்ஸ் கம்பெனியும் அறிவிச்சுட்டாங்க, ஜப்பான்ல போட்டி அங்கயே முடிஞ்சுபோச்சுன்னு சொல்லலாம்.

இன்னொரு சின்ன கணக்கு. கார்ட்ரிட்ஜ்ல கேமை சேவ் பண்ணணும்னா பெரும்பாலும் உள்ள பேட்டரியும் தனி மெமரியும் வெக்கணும், அந்த செலவு ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்கும் கம்பெனி தலையில. பிளேஸ்டேஷன்ல மெமரி கார்டை ஆடறவன்தான் தனியா வாங்கணும், ஒரு கார்டுல 15 பிளாக். கேம் பண்றவன் பக்கம் நின்னா அருமை, காசு குடுத்து வாங்கறவனா நின்னா இது எனக்கு இன்னைக்கும் பிடிக்கல, பெட்டிக்குள்ளயே குடுத்திருக்கணும்.

கேம் பண்ற செலவு அடுத்து. இதுக்கு கேம் எழுதறவங்களுக்கு சோனி முதல்ல யோசிச்சிருந்தது தன்னோட நியூஸ் (NEWS)ங்கற வொர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர், விலை அதிகம், யார்கிட்டயும் இருக்காது. அப்பதான் இங்கிலாந்துல இருந்த சிக்னோசிஸ்ங்கற கேம் கம்பெனி வழியா, அதை சோனி 1993ல வாங்கியிருந்தாங்க, எஸ்என் சிஸ்டம்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி சாதாரண பிசிக்குள்ள சொருகற கிட் பண்ணிக் காட்டினாங்க, ரெண்டு நீளமான கார்டு, அவ்வளவுதான். ஆபீஸ்ல ஏற்கெனவே இருக்கற கம்ப்யூட்டர்ல, சி லாங்குவேஜ்ல, சோனி குடுத்த லைப்ரரியை வெச்சு எழுதலாம். நான் தினமும் கோட் அடிக்கறவன், ஒரு புது பிளாட்ஃபார்ம்ல உக்காந்த முதல் வாரத்துலயே ஸ்கிரீன்ல ஒரு முக்கோணம் சுத்தறதுக்கும் 3 மாசம் கழிச்சு சுத்தறதுக்கும் நடுவுல எவ்வளவு சம்பளம் கரையும்னு எனக்குத் தெரியும். அதே நேரத்துல வந்த, சேகா கம்பெனியோட சாட்டர்ன்ங்கற போட்டி கன்சோல்ல ரெண்டு பிராசசர், ரெண்டையும் ஒழுங்கா வேலை வாங்கறதே பெரும்பாடு. நாம்கோ இதுலயும் ஒரு படி மேல போய், சிஸ்டம் 11னு ஆர்கேட் போர்டையே, அதாவது கடையில காசு போட்டு ஆடற மிஷினோட போர்டையே, பிளேஸ்டேஷன் ஹார்டுவேர் மேல கட்டினாங்க, டெக்கன்ங்கற சண்டை கேம் முதல்ல ஆர்கேட்ல காசு பாத்துச்சு, அப்புறம் அதிக வேலை இல்லாம வீட்டுக்கு வந்து மறுபடி காசு பாத்துச்சு.

வாங்க ஆள் இருக்கணுமே, அதையும் சோனி பாத்துக்கிட்டாங்க. 1995 மே மாசம் இ3 கண்காட்சியில சேகா சாட்டர்ன் 399 டாலர்னு சொன்ன அதே நாள், சோனியோட ஸ்டீவ் ரேஸ் மேடை ஏறி 299னு சொல்லிட்டு இறங்கிட்டார். அடுத்த வருஷம் 199, 1997ல 149, 1999ல 99. பெட்டி விலை குறையக் குறைய ஆடறவன் எண்ணிக்கை ஏறும், பழைய கேமையும் கம்மி விலை வரிசையில திருப்பி பிரஸ் பண்ணி விக்கலாம், எழுதி முடிச்ச கேமுக்கு மறுபடி வருமானம். கார்ட்ரிட்ஜ்ல இப்படி விலையை இறக்கிப் பாருங்க, சிப்பு செலவே கையைக் கடிக்கும்.

இப்ப ஆடிப் பாத்த அனுபவம். ஜப்பான் பெட்டி 100 வோல்ட், அதனால முதல்ல ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன், நேரா நம்ம பிளக்ல சொருகிடாதீங்க. ஆன் பண்ணதும் வர்ற அந்த சத்தத்துக்கே உடம்பு சிலிர்த்துச்சு. ஆனா எனக்கு ரொம்ப நேரம் போனது விப் ரிப்பன்லதான். 1999ல நானான்ஷா பண்ணது, கறுப்பு ஸ்கிரீன்ல வெள்ளைக் கோடு, கோட்டுல வரைஞ்ச ஒரு முயல் பாட்டுக்குத் தக்கபடி நடக்கும், அவ்வளவுதான் கேம். கேம் மொத்தமும் 2 எம்பி ராமுக்குள்ள ஏறிடும், ஏறினதும் டிஸ்க்கை வெளிய எடுத்துட்டு உங்க பாட்டு சிடியைப் போடலாம். வீட்ல அப்பா வெச்சிருந்த இளையராஜா சிடி ஒண்ணைப் போட்டேன். மூடியை மூடினதும் டிரைவ் கொஞ்ச நேரம் உருண்டுச்சு, அப்புறம் முயல் நடக்க ஆரம்பிச்சுது, வயலின் மெதுவா போற இடத்துல கோடு சும்மா நேரா இருக்கு, தபலா வேகம் எடுத்ததும் பள்ளமும் சுருளும் ஒண்ணு மேல ஒண்ணா வந்து விழுது. அப்பா பின்னாடி நின்னு பாத்துட்டு என்னடா இது பாட்டுக்கு ஏத்த மாதிரி குழி தோண்டுதுன்னார். ஒரு வெளி ஸ்டூடியோ இப்படி ஒரு கேமை எடுத்துக்கிட்டு வந்து வேலை பண்ண முடிஞ்சதே டிஸ்க் செலவு கம்மிங்கறதாலதான்னு நான் நம்பறேன், கொஞ்சம் பேர் வாங்கினாலும் நட்டம் தாங்கும். கார்ட்ரிட்ஜ்ல யாரும் இதுக்கு காசு போட்டிருக்க மாட்டாங்க, போட்டிருந்தாலும் சிடி போட இடம் ஏது.

குறையும் சொல்லணும். லோடிங். டபுள் ஸ்பீட் டிரைவ்தான், கேமுக்குள்ள ஒவ்வொரு கதவைத் தாண்டறப்பவும் டிஸ்க் படிச்சு முடிக்கற வரைக்கும் காத்திருக்கணும், நின்டெண்டோ 64ல போட்டதும் ஓடும், அந்த சுகம் இங்க இல்ல. சோனி தர்மத்துக்கும் பண்ணல, பிரஸ் பண்றது சோனி வழியாத்தான், ஒவ்வொரு டிஸ்க்குலயும் அவங்களுக்குப் பங்கு உண்டு, அனுமதியும் வாங்கணும். எங்களை மாதிரி சின்ன ஆளுங்களுக்குன்னு நெட் யரோஸேன்னு கறுப்பு கலர்ல ஒரு பிளேஸ்டேஷன் விட்டாங்க, வீட்டு பிசியில கேபிளைப் போட்டு கேம் எழுதலாம், ஆனா எழுதினதை கடையில விக்க அது வழி இல்ல, எனக்கு அதுதான் வருத்தம்.

பெரிய குறை காப்பி. கம்பெனிக்கு பிரஸ் பண்ண மலிவுன்னா காப்பி அடிக்கறவனுக்கும் மலிவுதானே. ஒரிஜினல் டிஸ்க்கோட உள்வட்டத்துல ஒரு நெளிவு இருக்கும், அதை சிடி ரைட்டரால எழுத முடியாது, பெட்டி அதைத் தேடிப் பாக்கும். மாட்சிப்னு ஒரு சின்ன சிப்பை உள்ள சால்டர் பண்ணிட்டா அந்தத் தேடலை ஏமாத்திரும். எங்க தெருமுனை கடையில இருந்த பெட்டி அந்த மாதிரிதான். நான் குடுத்த காசுல அந்த கேமை ராத்திரி பகலா எழுதினவங்களுக்கு ஒரு பைசா போகல, இப்ப அதே வேலையை நான் பண்றப்ப இது மனசை உறுத்துது, அதனாலதான் ஒரிஜினலா தேடி வாங்கறேன்.

இவ்வளவு இருந்தும் கணக்கு எந்தப் பக்கம் சாஞ்சதுன்னு பாருங்க: பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல வித்துச்சு, நின்டெண்டோ 64 சுமார் 3.3 கோடி. நின்டெண்டோ 64க்கு வந்த கேம் மொத்தமே 400க்குள்ள, பிளேஸ்டேஷனுக்கு ஆயிரக்கணக்குல. ரெண்டுக்கும் வந்த ஒரு கேமைப் பாத்தா இன்னும் தெளிவா தெரியும், பிளேஸ்டேஷன்ல 2 டிஸ்க்ல வந்த ரெசிடென்ட் ஈவில் 2, 1999ல நின்டெண்டோ 64க்கு ஏஞ்சல் ஸ்டூடியோஸ் ஆட்கள் வீடியோ சவுண்டு எல்லாத்தையும் நசுக்கி நசுக்கி 64 எம்பிக்குள்ள அடைச்சாங்க. அது பெரிய திறமை, நான் கும்பிடறேன், ஆனா எத்தனை கம்பெனியால அப்படி ஆள் போட்டு செலவு பண்ண முடியும்?

வாங்கலாமான்னா தாராளமா வாங்கலாம், கேம் பண்ற ஆசை இருக்கறவங்க கண்டிப்பா ஒண்ணு வீட்ல வெச்சுக்கலாம். ஜப்பான் பெட்டின்னா ட்ரான்ஸ்ஃபார்மரும் மெமரி கார்டும் சேர்த்து பட்ஜெட் போடுங்க. டிஸ்க் வாங்கறப்ப கவர் படத்தைப் பாத்து மயங்காதீங்க, வெளிய எடுத்து திருப்பி வெளிச்சத்துல புடிச்சு கீறல் பாருங்க, அடி கறுப்பா இருக்கான்னும் பாருங்க. அடுத்த லீவுக்கு வர்றப்ப ரிட்ஜ் ரேசர் கொண்டு வாடான்னு தம்பிகிட்ட சொல்லியிருக்கேன்.