15 வயது ஹைலக்ஸும் லனோலின் பூச்சும்: பிறைப் பட்டறை பற்றிய என் மதிப்பீடு

எங்கள் குடும்பத்தின் 2009 ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டி, பத்து மவுங் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து விடியற்காலையில் மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள சந்தைகளுக்கு ஓடுகிறது. பனிக்கட்டி கரைந்து பெட்டிகளிலிருந்து வழியும் உப்பு நீர், பின்தட்டின் இடுக்குகள் வழியே இறங்கி, வண்டியின் எலும்புக்கூடு போல அடியிலிருந்து தாங்கும் சேசிஸ் சட்டத்தின் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். வண்டிக்கு 15 வயதான 2024 மார்ச்சில், தீவுக்கு எதிரே பெருநிலத்திலுள்ள பிறை ஊரின் தொழிற்பேட்டையில் துருத்தடுப்பு வேலை மட்டுமே செய்யும் ஒரு சிறிய பட்டறையில் அதை ஒப்படைத்தேன். ஓராண்டுக்கு மேல் ஓட்டிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்பு, 2017 இல், வேறொரு பட்டறையில் தார் போன்ற கறுப்புப் பூச்சு அடித்திருந்தோம். காலையில் அடிப்பகுதியைக் கழுவி, மதியமே பூச்சை அடித்து, மாலையில் வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். பார்க்கப் புது வண்டி போலவே இருந்தது. பிறைப் பட்டறையின் இளம் மெக்கானிக், ஸ்கிரேப்பர் முனையால் அந்தப் பூச்சின் ஓரத்தை நெம்பியபோது, ஒரு சாண் நீளத்துக்குப் பட்டையாக உரிந்து வந்தது. அதன் உட்புறம் ஈரமாக இருந்தது; இரும்போ வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காக உதிர்ந்தது. கல் தெறித்தோ, நாளாகி இறுகியோ கெட்டிப் பூச்சில் ஒரு வெடிப்பு விழுந்துவிட்டால், உள்ளே புகும் உப்பு நீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. ஏழு ஆண்டுகளாக நாங்கள் காசு கொடுத்துத் துருவை மூடி வைத்திருந்தோம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அடுத்து அவர் ஒரு சிறு சுத்தியலால் சட்டத்தை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு மணி போல ஒலித்தது. இடப்பக்கப் பின் லீஃப் ஸ்பிரிங் பொருந்தும் இடத்துக்கு அருகே ஒலி மழுங்கியது. “அண்ணே, இந்தச் சத்தத்தைக் கேளுங்க, இந்த இடம் மெலிஞ்சிருக்கு” என்று சொல்லிவிட்டு, சட்டத்தின் துளைக்குள் குழாய்க் கேமராவை விட்டுக் காட்டினார். பிக்கப்பின் சட்டம் உள்ளே வெற்றிடமுள்ள பெட்டி வடிவம் என்பதால், சேறும் உப்பும் உள்ளே படிந்து, துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வருகிறது. இது மீன் வண்டிக்கு மட்டும் வரும் நோயன்று. டகோமா, டன்ட்ரா, செக்கோயா என்ற தன் வண்டிகளின் சேசிஸ் துரு தொடர்பான வழக்கில், அமெரிக்காவில் சுமார் 1.5 மில்லியன் வண்டிகளுக்காக 3.4 பில்லியன் டாலர் வரை செலவிட டொயோட்டா 2016 இல் இணங்கியது.

கனடாவின் ஒன்டாரியோவில் வேலை செய்யும் என் அக்கா மகனும் பழைய பிக்கப் வைத்திருக்கிறான். அங்கே குளிர்காலத்தில் சாலைப் பனியைக் கரைக்கத் தெளிக்கும் உப்புக் கரைசலில் 23 விழுக்காடு வரை உப்பு இருக்கும். கடல் நீரில் இருப்பது சுமார் 3.5 விழுக்காடுதான். ஆகவே அவன் ஒவ்வோர் ஆண்டும் முதல் பனி விழுமுன் அடிப்பகுதிக்கு எண்ணெய்ப் பூச்சு அடித்து, பனிக்காலம் முடிந்ததும் அடியில் நீர் பாய்ச்சிக் கழுவுகிறான். உறைகுளிரில் துரு மெதுவாகவும் வெப்பத்தில் வேகமாகவும் பிடிக்கும் என்பதால், உப்பு ஒட்டிய வண்டியைச் சூடாக்கிய கொட்டகையில் நிறுத்துவதும் இல்லை. நமக்குப் பனி இல்லை என்று நிம்மதி அடைய முடியாது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு தானே நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும்; பினாங்கில் அந்த அளவை எட்டாத இரவு அரிது. அவனுடைய உப்புக்குப் பருவம் உண்டு, நம்முடையதற்கு இல்லை.

பிறைப் பட்டறையை நான் மதிப்பதற்கு முதற்காரணம், அவர்கள் பூச்சை அடிக்க அவசரப்படாததுதான். முதல் நாள் முழுவதும் வெந்நீரை அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவி, சேறு அடைத்திருந்த வடிகால் துளைகளைக் கம்பியால் திறந்தார்கள். பிறகு இரண்டு நாள் மின்விசிறி வைத்து உலர்த்தினார்கள். உதிரும் துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, எஞ்சியதன் மேல் டேனிக் அமிலம் கலந்த திரவத்தைப் பூச, செந்துரு சில மணி நேரத்தில் கருநீலமாக மாறியது. நான்காம் நாள், சுற்றிலும் தெளிக்கும் முனையுள்ள நீண்ட குழாயைச் சட்டத்துக்குள் செலுத்தி மெழுகையும், வெளிப்புறத்தில் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து எடுக்கும் லனோலினையும் அடித்தார்கள். லனோலின் இறுகுவதில்லை, கீறல் விழுந்தாலும் மெல்ல நகர்ந்து அதை மூடிக்கொள்ளும். பிரேக் தட்டுகளையும் புகைக்குழாயையும் மூடியிருந்தார்கள். பின்னாளில் உரிமை மாற்றத்துக்காகப் புஸ்பகோம் போன்ற வாகனச் சோதனை மையத்தில் காட்டவேண்டிய சேசிஸ் எண் தெளிவாகத் தெரியும்படி விட்டிருந்தார்கள். மெலிந்த இடத்தைப் பூச்சால் மறைக்காமல், முதலில் வெல்டிங் கடையில் இரும்புத் தகடு வைத்துக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பியது, எனக்கு இரண்டு நாள் வருமானத்தை இழக்கச் செய்தாலும், நேர்மையான செயல்.

குறைகளும் உண்டு. மூன்று வாரங்களுக்கு வண்டியில் நனைந்த ஆட்டின் வாடை வீசியது. பூச்சின் மேல் தூசி ஒட்டுவதால் அடியில் கைவைக்கும் மற்ற மெக்கானிக்குகள் முகம் சுளிக்கிறார்கள். லனோலின் பட்டால் இயற்கை ரப்பர் உப்பிவிடும் என்று எச்சரித்தவர்களே, புகைக்குழாயைத் தாங்கும் ஒரு ரப்பரின் மேல் தெளித்துவிட்டதால், அது ஊறிப் பெருத்து மாற்ற வேண்டியதாயிற்று. பின்கதவின் உட்புறத்தை விட்டுவிட்டார்கள். நவம்பர் மழையில் அதன் கீழ்த் தையலில் பெயின்ட் கொப்புளித்தது. கொண்டுபோய்க் காட்டியதும், மறுப்பேதும் சொல்லாமல் இலவசமாகச் செய்து கொடுத்தார்கள். சக்கர வளைவுகளில், டயர் வாரியிறைக்கும் நீரால் ஏழு மாதத்தில் பூச்சு கழுவிப் போயிருந்தது.

கட்டணம் 780 ரிங்கிட். ஆண்டுதோறும் மேற்பூச்சுக்கு 250 ரிங்கிட். ஒரே முறை அடித்து மறந்துவிட நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. இந்த ஆண்டு மேற்பூச்சுக்குப் போனபோது அதே துளையில் கேமராவை விட்டுப் பார்த்தோம். மெழுகு தேன் நிறத்தில் சுவரில் படிந்திருந்தது, புதிய துரு கண்ணில் படவில்லை. சக்கர வளைவுகளுக்கு மட்டும் செப்டம்பர் மழைக்கு முன் இன்னொரு முறை வரச் சொல்லியிருக்கிறார்கள், நாளும் குறித்துவிட்டேன்.