காகிதம் இல்லாத படகு: பாண்டா, மூன்று ஆண்டுக் காத்திருப்பா, கோர்ட்டா?

சியாட்டில் பக்கம் குடியேறிய நம்மவர்கள் பலருக்கு இரண்டாவது கோடையிலேயே படகு ஆசை வந்துவிடும். லேக் வாஷிங்டன், லேக் சம்மாமிஷ், கொஞ்சம் தள்ளிப் போனால் பியூஜெட் சவுண்ட். எத்தனை நாள்தான் கரையிலேயே நிற்பது? எனக்கும் வந்தது. பழைய 19 அடி ஃபைபர் படகு ஒன்று டிரெய்லரோடு விலைக்கு வந்தது. விற்றவரிடம் டைட்டில் இல்லை. "எங்கேயோ தொலைந்துவிட்டது, ஒரு பாண்ட், அதாவது ஜாமீன் பத்திரம், போட்டால் புதிதாகக் கொடுத்துவிடுவார்கள்" என்றார். வாங்கிவிட்டேன். அவர் சொன்னதில் பாதிதான் சரி என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் ஊரில் கிரயப் பத்திரம் வேறு, வீட்டு வரி ரசீது வேறு அல்லவா? வாஷிங்டன் மாநிலத்தில் படகுக்கும் அப்படித்தான். டைட்டில் என்பது படகு யாருடையது என்று சொல்லும் பத்திரம். பதிவு என்பது அதைத் தண்ணீரில் இறக்கி ஓட்டுவதற்கானது. 'டபிள்யூஎன்' என்று தொடங்கும் எண்ணும், ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று காலாவதியாகும் ஸ்டிக்கரும் பதிவோடு வருபவை. இரண்டையும் தருவது மாநில லைசென்சிங் துறை. உரிமையை நிரூபிக்கக் காகிதம் இல்லாதபோது, அந்தத் துறை மூன்று வழி காட்டுகிறது: பாண்ட் போட்டு டைட்டில் வாங்கலாம், டைட்டில் இல்லாமல் மூன்று ஆண்டு பதிவு மட்டும் வைத்திருக்கலாம், அல்லது நீதிமன்றத் தீர்ப்பு வாங்கிவரலாம்.

இந்த மூன்றுக்கும் முன்னால் ஒரு வழி இருக்கிறது. என் கணிப்பில் எல்லாவற்றையும்விட நல்லது அதுதான்: பழைய உரிமையாளரைத் தேடிப் பிடிப்பது. படகின் பின்பலகையில் வலப்புறம் மேலே 12 இலக்க அடையாள எண் இருக்கும். 1972 நவம்பர் 1-க்குப் பிறகு செய்த எல்லாப் படகுகளுக்கும் இது கட்டாயம். முதல் மூன்று எழுத்து தயாரிப்பாளரைக் குறிக்கும், கடைசி எழுத்துகள் எப்போது செய்தது என்பதைக் காட்டும். இந்த எண்ணையும் பதிவு எண்ணையும் கொடுத்து, துறையின் ஆவணத்தில் யார் பெயர் இருக்கிறது என்று விண்ணப்பித்துக் கேட்கலாம். அவர் கிடைத்துவிட்டால், டைட்டில் தொலைந்தது என்றும் தன் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்றும் ஒரே படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவார். நோட்டரியோ லைசென்சிங் அலுவலகமோ அந்தக் கையெழுத்துக்குச் சான்று தந்தால் போதும், வேலை முடிந்தது. அவர் இறந்துபோயிருந்தால் வாரிசுகள் தருவதற்குத் தனியாகப் பிரமாணப் படிவம் உண்டு. தந்தையின் படகை விற்கிற மகனிடம் "பாண்ட் போட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வருவது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுதான்.

என் விஷயத்தில் ஆவணத்தில் இருந்த முகவரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். பிரிக்காமலே திரும்பி வந்தது. அந்த உறையைத் தூக்கி எறியாதீர்கள், பிரிக்கவும் செய்யாதீர்கள். நேர்மையாகத் தேடினீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. அப்புறம், உள்ளூர் ஷெரீஃப் அலுவலகத்தில் எண்ணைக் கொடுத்து, திருட்டுப் புகார் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். யாரோ ஒருவர் வருடக்கணக்கில் பாதுகாத்த படகாக அது இருக்கலாம். அந்த மனிதருக்காகத்தான் இத்தனை நடைமுறையும் என்று நினைத்துக்கொண்டால், அலைச்சல் அவ்வளவு கசக்காது.

சரி, ஆள் கிடைக்கவில்லை. இப்போது பாண்ட்.

பலர் இதை நமக்கான இன்ஷூரன்ஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லவே இல்லை. ஊரில் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவார்களே, அதுதான் இது. படகின் மதிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு, மூன்று ஆண்டுக்கு ஒரு நிறுவனம் ஜாமீன் நிற்கிறது. படகின் மதிப்பு 8,000 டாலர் என்றால் பாண்ட் 12,000 டாலருக்கு. நாம் கட்டுவது அந்த முழுத் தொகையை அல்ல, அதில் ஒரு சிறு பங்கைக் கட்டணமாக. அது திரும்பி வராது. மூன்று ஆண்டுக்குள் உண்மையான உரிமையாளரோ, படகின் பேரில் கடன் கொடுத்தவரோ வந்து நிரூபித்தால் ஜாமீன் நிறுவனம் அவருக்கு நஷ்ட ஈடு கொடுக்கும். கொடுத்துவிட்டு அதே தொகையை நம்மிடம் வசூலிக்கும். கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்திலேயே அது இருக்கிறது. படகும் போய், பணமும் கட்ட வேண்டிய நிலை வரலாம். விற்றவர் இதைச் சொல்லவில்லை.

ஆனால் பாண்டுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: டைட்டில் உடனே உங்கள் பெயருக்கு வருகிறது. பாண்டின் பேரில் கொடுத்தது என்ற குறிப்பு அதில் இருக்கும், இருந்தாலும் அது டைட்டில்தான். படகை விற்கலாம். உங்களிடம் வாங்குபவருக்கும் அந்த ஜாமீன் பாதுகாப்புத் தருவதால் அவர் துணிந்து வாங்குவார். ஓராண்டில் விற்கிற எண்ணம் இருப்பவர், படகை வைத்துக் கடன் வாங்க நினைப்பவர், எஞ்சினுக்குப் பெரும் பணம் போடப் போகிறவர் ஆகியோருக்கு இந்தக் கட்டணம் வீண் இல்லை.

டைட்டில் இல்லாப் பதிவு இதற்கு நேர் எதிர். ஜாமீன் இல்லை, கட்டணச் சுமை குறைவு. எண்ணும் ஸ்டிக்கரும் கிடைக்கும், சட்டப்படி ஓட்டலாம். யாரும் உரிமை கேட்டு வராமல் மூன்று ஆண்டு கழிந்தால் டைட்டிலுக்கு விண்ணப்பிக்கலாம். இடையில் விற்க நினைத்தால்தான் சிக்கல். விற்கிற உங்கள் கையில் பத்திரம் இருக்காது, வாங்குகிறவர் உங்களைப் போலவே துறையின் வாசலில் போய் நிற்க வேண்டும். உண்மையான உரிமையாளர் வந்தால் படகைக் கொடுக்க வேண்டியதுதான், ஆனால் ஜாமீன் நிறுவனத்துக்கு நீங்கள் ஒரு காசும் பாக்கி இல்லை. பழைய, விலை குறைந்த, வீட்டோடு வைத்துக்கொள்ளப் போகிற படகுக்கு இதுவே மேல் என்பது என் முடிவு. நானும் இதைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

நீதிமன்றம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மனு, முந்தைய உரிமையாளருக்கு நோட்டீஸ், விசாரணை என்று நாளும் பணமும் பிடிக்கும். ஆனால் கிடைப்பது தீர்ப்பு. ஜாமீனில் தொங்கும் டைட்டில் அல்ல. விலை உயர்ந்த படகு, அல்லது உரிமை கேட்டு இன்னொருவர் ஏற்கெனவே எதிரே நிற்கிற படகு என்றால் பாண்டை விட்டுவிட்டு நேரே வக்கீலிடம் போவதே புத்திசாலித்தனம்.

பெரிய படகு வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 5 நெட் டன்னும் (இது எடை அல்ல, படகின் உள்ளளவுக் கணக்கு) அதற்கு மேலும் உள்ள படகுகளை மத்திய அரசின் கடலோரக் காவல் படையிடம் ஆவணப்படுத்த முடியும். அப்படிச் செய்த படகுக்கு மாநிலம் டைட்டில் தராது, பாண்டும் பயன்படாது. உள்ளே கட்டமைப்பில் அதிகாரபூர்வ எண் பொறித்திருக்கிறதா என்று தேடுங்கள். பழைய மரினா (படகு நிறுத்துமிடம்) வாடகை, ரிப்பேர் பாக்கி போன்றவை கடல்சார் பற்றாக, அதாவது ஆளின் மீது அல்லாமல் படகின் மீதே உள்ள கடனாக, படகோடு ஒட்டியே வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆள் மாறினாலும் அவை போகாது, மாநில டைட்டிலும் அவற்றைத் துடைக்காது. அதற்கு மத்திய நீதிமன்றம் படகின் மீதே வழக்கு நடத்தி ஏலம் விட வேண்டும்.

வேறு மாநிலத்து நண்பர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். டெக்சஸில் இதைப் பார்த்துக்கொள்வது பூங்கா வனவிலங்குத் துறை, அங்கே அவுட்போர்டு மோட்டாருக்கும் தனி டைட்டில் உண்டு. ஜார்ஜியாவிலோ படகுக்கு டைட்டிலே கிடையாது. அங்கிருந்து வரும் படகில் டைட்டில் கேட்டுச் சண்டை போட்டுப் பயனில்லை, பதிவுச் சீட்டையும் விற்பனை ரசீதையும் கேட்டு வாங்குங்கள்.

எந்த வழியில் போனாலும் வரி மாறாது. விற்பனை வரி கட்டாமல் வாங்கியிருந்தால் யூஸ் டாக்ஸ், அதோடு ஆண்டுதோறும் மதிப்பில் 0.5 சதவீதம் படகு வரி.

டிரெய்லரை மறந்துவிடாதீர்கள். அது வாகனக் கணக்கில் சேரும், அதற்குத் தனி டைட்டில், தனி நம்பர் பிளேட். படகுக்கு அலைந்து முடித்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. கவுண்டரில் மறுபடி வரிசையில் நின்றேன். இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: பணத்தை நீட்டுவதற்கு முன் விற்பவரையும் கூட்டிக்கொண்டு லைசென்சிங் அலுவலகத்துக்குப் போங்கள். படகு, டிரெய்லர் இரண்டின் எண்களையும் அங்கேயே பார்த்து, ஆவணத்தில் இருப்பது அவர் பெயர் என்றால் கையெழுத்தையும் அங்கேயே வாங்கிவிடலாம். அவர் வர மறுத்தால், அந்தப் படகு எவ்வளவு மலிவாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.